பட்டங்களுக்கு அப்பால் ஓர் அடிகளார்

ஈழத்துத் தமிழறிஞர் வரிசையிலே சுவாமி விபுலாநந்தருக்குரிய இடத்தை எவரும் மறுப்பதில்லை. 1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் காரைதீவிலே பிறந்த மயில்வாகனன், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். பழந்தமிழரின் யாழைக் கணித நெறியால் ஆராய்ந்து 'யாழ் நூல்' தந்தார். இத்தனையும் ஒருவருடைய வாழ்விலே நிகழ்ந்தவை என்பது வியப்பே.

ஆயினும் மட்டக்களப்பிலே ஒரு முதியவரிடம் அவரைப்பற்றிக் கேட்டுப் பாருங்கள். பண்டிதர் என்றோ பேராசிரியர் என்றோ அவர் சொல்லமாட்டார். "எங்கள் அடிகளார்" என்பார். யாழ் நூலின் சுருதிக் கணக்கை முழுதும் கற்றவர் மிகச் சிலரே. அதைத் திறந்தும் பாராதவர் உள்ளத்திலும் அவர் குடியிருப்பது எவ்வாறு?

மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்தவர் அவர். அந்தப் பதவியும் வருவாயும் வேண்டாமென்று 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தை அடைந்து, 1924இல் துறவு பூண்டார். துறவியாகித் தாயகம் மீண்டவர், கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். ஆதரவற்ற சிறுவரைப் பேணும் பணியிலும் ஈடுபட்டார்.

அண்ணாமலையிலே அவர் பேராசிரியராயிருந்த நாளில் நிகழ்ந்ததொன்று நினைக்கத்தக்கது. பகலெல்லாம் பட்டதாரி மாணவருக்குத் தொல்காப்பியமும் சிலம்பும் விளக்கியவர், மாலையிலே அருகிலிருந்த திருவேட்களத்துச் சேரிக்கு நடந்து சென்று அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். தீண்டாமை வேரூன்றி நின்ற 1930களின் தொடக்கத்திலே, ஒரு பேராசிரியர் அவ்வாறு செய்தல் எளிதன்று. கற்றோர் முகஞ்சுளிப்பர் என்பதை அவர் அறியாதவருமல்லர். எனினும் அரிச்சுவடி கற்பிப்பதைத் தம் புலமைக்குக் குறைவென அவர் கருதவில்லை. புலமை பெற்றவர் பலர். பெற்ற புலமையைச் சுமையாக்கிக்கொள்ளாதவர் சிலர். அடிகளார் அச்சிலருள் ஒருவர்.

1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே யாழ் நூல் அரங்கேறியது. நெடுங்கால உழைப்பின் பயன் அது. அந்தப் புகழை நின்று அனுபவிக்க அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. அவ்வாண்டு யூலை 19இல் கொழும்பிலே மறைந்தார்.

அவருடைய உடல் சிவானந்த வித்தியாலய வளவிலேயே துயில்கொள்கின்றது. சமாதியிலே அவர் பாடிய பாடலொன்று பொறிக்கப்பட்டிருக்கின்றது. இறைவன் உவப்பது கொடியிலும் பொய்கையிலும் பூக்கும் மலரையன்று, உள்ளமாகிய மலரையே என்பது அதன் கருத்து. யாழின் நரம்பும் அதன் கணக்கும் அதிலே இல்லை.

நேயர்களே, நம் பிள்ளைகளுக்கு அடிகளாரை அறிமுகஞ் செய்யும்போது பட்டங்களையும் பதவிகளையும் அடுக்குகின்றோம். தேர்வுக்கு அவை உதவும். கூடவே, மாலை வெயிலிலே சேரியை நோக்கி நடந்த அந்தக் காவியுடைத் துறவியையும் காட்டுவோமாக. கல்வி எதற்கு என்ற கேள்விக்கு அவர்கள் விடை தேடும்போது, அந்த நடையே அவர்களுக்குத் துணையாகும்.