சவரிமுத்து

தூத்துக்குடி, மணப்பாடு முதலிய முத்துக்குளித்துறை ஊர்களில் வழங்கும் ஆண்பால் இயற்பெயர். முதற்பாதி புனித பிரான்சிஸ் சவேரியாரைக் (1506–1552) குறிக்கும். 1542இல் இக்கரைக்கு வந்து, பரதவரிடையே தமிழ் வேண்டுதல்களைக் கற்பித்தவர் அவர். 'சவேரியார்' அவருடைய இயற்பெயரன்று; நவார் நாட்டில் அவர் பிறந்த கோட்டையின் பெயர். பாஸ்கு மொழியில் 'புது வீடு' என்று பொருள். போர்த்துகீசியர் 'ஷ' என ஒலித்ததைத் தமிழ் நாக்கு 'ச' ஆக்கிக்கொண்டது. மரியாதைக்கு 'ஆர்' சேர்ந்தது. பிள்ளைக்கு இடும்போது அந்த 'ஆர்' உதிர்ந்து, சவரி நிற்கும். தலையில் வைக்கும் சவரிக்கும் இதற்கும் உறவில்லை.

பிற்பாதிதான் பால் காட்டும்: முத்து, நாதன், ராயன் என்றால் ஆண், அம்மாள் என்றால் பெண். முத்துக்குளித்துறைக்கு வெளியேயும் தமிழர் இடும் பெயர்தான் முத்து. ஆகவே குளித்தெடுத்த முத்தைப் பார்த்தே இட்டார்கள் என்பது மிகை.

வேற்றுமை ஏற்கையில் ஒரு நுட்பம் உண்டு. பொருளானால் 'முத்தை', 'முத்துக்கு'. ஆளானால் பேச்சில் பெரும்பாலும் வகரம் பெற்றுச் 'சவரிமுத்துவை', 'சவரிமுத்துவுக்கு' என வரும். விளி 'சவரிமுத்தே', வீட்டில் வெறும் 'சவரி'.

ஆங்கில ஒலிப்பை ஒட்டிய 'சேவியர்' பிற்கால வடிவம். பெயர்த் திருநாள் டிசம்பர் 3.