அச்சாணியைச் செய்யும் உரிமை: பழைய விமானங்களும் பூட்டிவைக்கப்பட்ட வரைபடங்களும்

ஓர் இயந்திரத்தைப் படைத்த நிறுவனம் மறைந்துவிடுகிறது. இயந்திரம் மட்டும் எஞ்சி நிற்கிறது. அதன் உறுப்பு ஒன்று முறிந்தால், அதனை மீண்டும் செய்யும் உரிமை யாருக்கு உண்டு? மாட்டுவண்டியின் அச்சாணி முறிந்தால் ஊர்க் கொல்லரிடம் போகிறோம். பழைய கிணற்று மோட்டாரின் தண்டு தேய்ந்தால் லேத் பட்டறைக்கு எடுத்துச் செல்கிறோம். அங்கெல்லாம் எழாத இக்கேள்வி, எண்பது ஆண்டுப் பழமையுடைய விமானத்தின் சக்கரக்காலில் ஒரு முளை தேய்ந்தவுடன் எழுந்துவிடுகிறது. சில வேளைகளில் உச்ச நீதிமன்றம் வரைக்கும் செல்கிறது. தொழில்நுட்ப வரலாற்றில் பெரிதும் பேசப்படாத இப்பகுதியைப் பற்றியதே இப்பதிவு. சற்று நீண்டது, பொறுத்தருள்க.

லேண்டிங் கியர் எனப்படும் தரையிறங்கு சக்கரத்தொகுதி, விமானத்தின் உறுப்புகளுள் மிகுந்த அடிபடுவது. பறக்கும் நேரம் முழுவதும் அது வெறும் சுமை. தரையைத் தொடும் சில நொடிகளில் விமானத்தின் எடையையும் இறங்கும் வேகத்தின் அதிர்ச்சியையும் அதுவே தாங்குகிறது. உள்ளே மடங்கும் வகையாயின், கீல்முளைகள், பூட்டுக் கொக்கிகள், இணைப்புத் தண்டுகள் என நகரும் உறுப்புகள் பெருகும். நகர்வது தேயும், அதிர்வது விரிசல் காணும். ஆகவே, ஒரு பழைய விமானத்தின் உடற்கூடு நலமாக இருக்கும்போதே அதன் கால்கள் முதலில் தளர்ந்துபோவது இயல்பு.

தேய்ந்த உறுப்பை அளந்து, அதேபோல் ஒன்றைக் கடைந்தெடுத்தால் போதாதா என்ற ஐயம் எழலாம். போதாது என்பதற்குக் காரணம் உலோகத்தினுள் இருக்கிறது. ஒரு முளையின் நீளத்தையும் விட்டத்தையும் அளவுகோல் சொல்லும். எனினும் நாம் அளப்பது தேய்ந்த விட்டத்தை. தொடக்க விட்டம் எவ்வளவு, அதில் எவ்வளவு ஏற்ற இறக்கம் அனுமதிக்கப்பட்டது என்பவற்றை வரைபடமே சொல்ல முடியும். எஃகின் கலவையை ஆய்வகத்தில் கண்டறியலாம், கடினத்தன்மையையும் சோதித்தறியலாம். ஆனால் வடிவமைத்தவர் கேட்ட வலிமை எவ்வளவு, நாற்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ மாற்றிவைத்த உறுப்பையா நாம் மூலம் என்று எண்ணி அளந்துகொண்டிருக்கிறோம் என்ற கேள்விகளுக்கு உறுப்பு விடையளிக்காது.

இன்னொரு நுட்பமும் உண்டு. உயர்வலிமை எஃகில் துருப்பிடிக்காமலிருக்கக் காட்மியம் பூசுவது விமானத்தொழிலில் நெடுங்கால வழக்கம். மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் எஃகினுள் புகுந்துவிடும். பூசியபின் உரிய காலத்துக்குள் ஏறத்தாழ 190 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் வைத்திருந்தால்தான் அது வெளியேறும். அவ்வாறு செய்யாத முளை, பளபளப்பாகவும் அளவில் பிழையற்றும் இருக்கும். சுமை ஏறிய சில நாள்களில், முன்னறிவிப்பு ஏதுமின்றி, கண்ணாடிபோல் முறியும். அச்செய்முறை உறுப்பின் மேல் எழுதப்பட்டிருப்பதில்லை. வரைபடத்தின் ஓரக் குறிப்பில்தான் எழுதப்பட்டிருக்கும்.

உறுப்பு என்பது அதன் வடிவம் மட்டுமன்று. வடிவம், பொருள், செய்முறை, சோதனை ஆகிய நான்கும் சேர்ந்ததே உறுப்பு. இதனை மிகத் தெளிவாக ஏற்றுக்கொண்ட சட்ட ஆவணம் அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகள் என்று சொல்லலாம். அங்கு அரசின் உற்பத்தி அனுமதி பெறாத எவரும் விமான உதிரிபாகம் செய்து விற்க இயலாது. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு: உரிமையாளர் தம் சொந்த விமானத்தைப் பராமரிப்பதற்காகத் தாமே உறுப்பைச் செய்துகொள்ளலாம். முன்பு 21.303 என்ற விதியில் இருந்த இவ்விலக்கு இன்று 21.9 என்ற விதியில் உள்ளது.

‘தாமே செய்துகொள்ளலாம்’ என்றால் உரிமையாளரே லேத்தின் முன் நிற்க வேண்டுமா? இக்கேள்விக்கு 1993-இல் அமெரிக்க விமானத்துறையின் சட்டப்பிரிவு அளித்த விளக்கம் வரலாற்று மாணவர்கள் படிக்கத்தக்கது. வடிவமைப்புத் தரவைத் தருதல், மூலப்பொருளைத் தருதல், செய்முறையை வகுத்துத் தருதல், தரக்கட்டுப்பாட்டு முறையை வகுத்துத் தருதல், செய்யும்போது மேற்பார்வையிடல் ஆகிய ஐந்தில் ஒன்றையேனும் உரிமையாளர் மேற்கொண்டிருந்தால், அவ்வுறுப்பு அவர் செய்ததாகவே கருதப்படும். கடைந்தவர் வேறொருவராக இருக்கலாம். செய்தல் என்னும் வினைக்கு எழுவாய் யார் என்ற இலக்கணச் சிக்கலைச் சட்டம் இவ்வாறு தீர்த்துவைத்தது. ஊர்ப்புறத்துப் பட்டறையில் முளையைக் கடைந்து வாங்கும் உரிமையாளருக்கு இது வழிவிட்டது. எனினும் அவ்வுறுப்பு அங்கீகரிக்கப்பட்ட மூல வடிவமைப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை நீங்கவில்லை. ஆக, உரிமை கிடைத்தது. அவ்வுரிமையைக் கையாளத் தேவையான வரைபடம் எங்கே என்ற கேள்வி நின்றது.

இங்குதான் ஃபேர்சைல்ட் எஃப்-45 விமானத்தின் வழக்கு வருகிறது. ஐவர் அமரக்கூடிய, கால்கள் உள்ளே மடங்கும் இச்சிறு விமானம் 1930களில் மிகக் குறைந்த எண்ணிக்கையிலேயே கட்டப்பட்டது. அதற்குச் சான்றிதழ் பெறுவதற்காக நிறுவனம் அரசிடம் அளித்த நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட தொழில்நுட்ப ஆவணங்கள் அரசுக் கோப்புகளில் தங்கிவிட்டன. எஃப்-45 ஒன்றின் உரிமையாளரான கிரெக் ஹெரிக், விமானத்தை அதன் மூலநிலைக்கு மீட்க விரும்பி, 1997-இல் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் அவ்வாவணங்களின் படிகளைக் கோரினார். மூல நிறுவனத்தின் வாரிசு நிறுவனத்துக்கு உரிமை படைத்திருந்த ஃபேர்சைல்ட் கார்ப்பரேஷன், அவை வணிக இரகசியம் என்று மறுப்புத் தெரிவித்தது. அரசுத்துறையும் கோரிக்கையை நிராகரித்தது.

அறுபது ஆண்டுகளாக எவரும் உற்பத்தி செய்யாத விமானம். அதன் வடிவமைப்பில் இன்று எந்தப் போட்டியாளருக்கு என்ன ஆதாயம்? ஆயினும் சட்டத்தின் பார்வையில் இரகசியம் முதுமையடைவதில்லை. ஹெரிக் வழக்குத் தொடுத்தார். அவர் கையிலிருந்த முதன்மைச் சான்று ஒரு பழைய கடிதம். 1955-இல் ஃபேர்சைல்ட் நிறுவனமே அரசுக்கு எழுதிய கடிதம் அது: தன் விமானங்களுக்குப் பழுதுபார்க்கவும் மாற்று உறுப்புகள் செய்யவும் வேண்டுவோருக்கு இவ்வாவணங்களை அரசு இரவல் கொடுக்கலாம் என்ற அனுமதி அதில் இருந்தது. வாரிசு நிறுவனம் பின்னர் மறுத்ததனால் இரகசியத்தன்மை மீண்டுவிட்டது என்று கொண்டு, 2002-இல் பத்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஹெரிக்கின் கோரிக்கையைத் தள்ளியது. அவ்வாறு மீளுமா என்பதை அவர் தரப்பு அவ்வழக்கில் எதிர்த்து வாதிடவில்லை என்பதையும் அத்தீர்ப்பே குறித்து வைத்தது.

ஒரு மாதத்துக்குள், பழம்விமான ஆர்வலர் சங்கம் ஒன்றின் நிர்வாகியும் ஹெரிக்கின் நண்பருமான பிரென்ட் டெய்லர் அதே ஆவணங்களைக் கேட்டு விண்ணப்பித்தார். பின் வழக்கும் தொடுத்தார். நண்பர் தோற்ற வழக்கை நீங்கள் மீண்டும் தொடுக்க இயலாது, அவர் உங்களுக்கும் சேர்த்தே வாதாடினார் என்று கீழ்நீதிமன்றங்கள் கதவைச் சாத்தின. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2008 ஜூன் 12 அன்று நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதிய ஒருமனதான தீர்ப்பு, தாம் தரப்பினராக இல்லாத வழக்கின் தீர்ப்பு ஒருவரைப் பொதுவாகக் கட்டுப்படுத்தாது என்றது; வரையறுக்கப்பட்ட சில விலக்குகளைத் தவிர, ‘மறைமுகப் பிரதிநிதித்துவம்’ என்ற விரிந்த கோட்பாட்டை ஏற்க மறுத்தது. டெய்லர் எதிர் ஸ்டர்ஜெல் என்னும் இவ்வழக்கை உரிமையியல் நடைமுறை பயிலும் சட்ட மாணவர்கள் இன்று எங்கும் படிக்கின்றனர். அதன் வேர் ஒரு பழைய விமானத்தின் உதிரிபாகத்தில் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

வழக்கு கீழ்நீதிமன்றத்துக்குத் திரும்பியது. 2011-இல் வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம் டெய்லருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1955-ஆம் ஆண்டுக் கடிதமே அத்தீர்ப்பின் அச்சாணி: பொதுமக்களுக்குத் தரலாம் என்று ஒருமுறை திறந்துவிட்டதைப் பின்னர் இரகசியம் என்று மூட இயலாது. மறு ஆண்டு, 2012-இல் இயற்றப்பட்ட விமானத்துறைச் சீர்திருத்தச் சட்டம், உரிமையாளரைக் கண்டறிய இயலாத, மூன்றாண்டுகளேனும் செயலற்றுக் கிடக்கும் வடிவமைப்புச் சான்றிதழ்களின் தரவுகளை, விமானத்தைப் பறக்கும் தகுதியில் வைத்திருக்க வேண்டுவோருக்கு அரசு வெளியிட வழிசெய்தது.

இவ்வரலாற்றின் எதிர்முனையில் நம் நாட்டு நிகழ்வு ஒன்றை வைத்துப் பார்க்கலாம். இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது, கடன்-குத்தகை ஏற்பாட்டின்கீழ் அமெரிக்காவிடமிருந்து பிரிட்டன் பெற்ற பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் பெரும் எண்ணிக்கையில் கான்பூரில் நின்றன. திருப்பித் தரவேண்டும், அல்லது பயன்படாதவாறு அழிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பிரிட்டிஷ் விமானப்படை அவற்றைச் சிதைத்துவிட்டுச் சென்றது. விடுதலைக்குப் பின், காஷ்மீர்ப் போரின் சூழலில், கனரகக் குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்ட இந்தியா அச்சிதைவுகளின் பக்கம் திரும்பியது. பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தார் கான்பூர் சென்று, ஒவ்வொன்றையும் பெங்களூர் வரை பறக்கும் அளவுக்குத் தேற்றினர். நிறுவனத்தின் சோதனை விமானி ஜம்ஷெத் முன்ஷி அவற்றைப் பறந்து கொண்டுசேர்த்தார். பெங்களூரில் முழுமையாகச் செப்பனிடப்பட்டு, 1948 நவம்பரில் ஐந்தாம் ஸ்குவாட்ரன் முதல் விமானங்களைப் பெற்றது. 40-க்கும் மேற்பட்டவை இவ்வாறு உயிர்பெற்றன. கடைசி லிபரேட்டர்கள் 1968 வரை பணியில் இருந்தன.

இது எவ்வாறு இயன்றது? ஒரு காரணம், கான்பூரில் ஒரே வகை விமானங்கள் மிகுதியாகக் கிடந்தன. ஒன்றின் நல்ல உறுப்பு மற்றொன்றின் குறையை நிரப்பியது. இன்னொரு காரணம், போர்க்காலத்தில் பெங்களூர்ப் பணிமனை அமெரிக்க விமானப்படையின் பழுதுபார்ப்பு நிலையமாக இயங்கியது. அமெரிக்க விமானங்களைப் பிரித்துக் கோத்த பழக்கம் தொழிலாளர் கைகளில் தங்கியிருந்தது. காகிதத்தில் இருந்திருக்க வேண்டிய அறிவின் ஒரு பகுதி அங்கே கைகளில் இருந்தது. எஃப்-45 உரிமையாளருக்கு இவ்விரண்டும் இல்லை. உறுப்பைக் கழற்ற வேறு விமானங்கள் இல்லை. செய்து பழகிய கைகளும் மறைந்துவிட்டன. எஞ்சியது காகிதம் மட்டுமே, அதுவும் பூட்டுக்குள்.

பணி ஓய்வு பெற்ற இந்திய லிபரேட்டர்கள் சில பிரிட்டன், கனடா, அமெரிக்க அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. அவற்றுள் ஒன்று அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளையால் மீட்கப்பட்டு 1989-இல் மீண்டும் வானில் எழுந்தது. அழிக்கப்பட வேண்டும் என்று ஒப்பந்தம் விதித்த பொருள், அழிக்கப்படாததனாலேயே மரபுச்செல்வமாயிற்று.

மரபைப் பறக்கும் நிலையில் பேணுதல் இன்று நம் விமானப்படையின் பணிகளுள் ஒன்று. டைகர் மாத், ஹார்வர்ட் ஆகியவை மீட்கப்பட்டுள்ளன. 1947-இல் ஸ்ரீநகருக்குப் படைகளை ஏற்றிச்சென்ற டகோட்டாக்களின் நினைவாக ஒரு டகோட்டா, பிரிட்டனில் செப்பனிடப்பட்டு, 2018-இல் ‘பரசுராமா’ என்ற பெயரோடு வந்துசேர்ந்தது. உலகில் எங்கும் மிகுதியாகப் பறந்த வகைகள் இவை. உறுப்புகளும் வரைபடங்களும் தேடினால் கிடைக்கும். இந்தியாவிலேயே வடிவமைத்து இந்தியாவிலேயே கட்டப்பட்ட எச்.டி.-2 பயிற்சி விமானத்துக்கோ, மாருத் போர்விமானத்துக்கோ உறுப்பு தேவைப்படும் நாளில் நாம் எந்த நாட்டுப் பட்டறையை நாடுவோம்? அவற்றின் வரைபடங்கள் இந்திய ஆவணங்கள். அவற்றைப் பேணும் கடமையும் இந்தியாவுடையதே.

இந்தியச் சட்டத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஒன்று உள்ளது. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஈ) பிரிவும் வணிக இரகசியத்துக்கு விலக்களிக்கிறது. ஆனால் 8(3) பிரிவு, இருபது ஆண்டுகளுக்கு முற்பட்ட நிகழ்வுகள், பொருள்கள் பற்றிய தகவலுக்கு, நாட்டின் பாதுகாப்பு முதலான ஒருசில விலக்குகளே பொருந்தும் என்கிறது; அச்சிலவற்றுள் வணிக இரகசியம் இல்லை. அதாவது, சட்டத்தின் வாசகப்படி, நம் நாட்டில் வணிக இரகசியம் முதுமையடைகிறது. அமெரிக்க ஆர்வலர்கள் பதினான்கு ஆண்டுகள் வழக்காடிப் பெற்றதை, போர்விமானம் அல்லாதவற்றைப் பொறுத்தவரையேனும், நம் சட்டம் ஒரே தொடரில் தந்திருக்கிறது.

ஆனால், கோருவதற்கு ஆவணம் இருக்க வேண்டும். எஃப்-45 வழக்கில் வென்றது வழக்குரைஞரின் வாதம் மட்டுமன்று. 1930களின் வரைபடங்களையும் 1955-இன் ஒரு கடிதத்தையும் எவரோ தூக்கியெறியாமல் வைத்திருந்ததும்தான். 1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம் நம் பொதுத்துறை நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. எனினும் ‘ஆவணம்’ என்றதும் நம் வரலாற்றுத் துறைகளின் நினைவுக்கு வருபவை கடிதங்களும் அரசாணைகளும் அறிக்கைகளும்தான். ஓரத்தில் வெப்பப் பதமும் முலாம் பூச்சும் குறித்த ஒரு முளையின் வரைபடம் வருவதில்லை. கல்வெட்டைப் படியெடுக்கக் கற்பிக்கிறோம். ஓலைச்சுவடியைப் பேணக் கற்பிக்கிறோம். பொறியியல் வரைபடத்தைப் படிக்கவும் பட்டியலிடவும் வரலாற்று மாணவர்களுக்குக் கற்பிப்பதில்லை.

தொழில் வரலாற்றில் ஆய்வுத்தலைப்புத் தேடும் மாணவர்கள் இத்திசையில் எண்ணிப்பார்க்க வேண்டுகிறேன். மூடப்பட்ட ஆலைகள், இணைக்கப்பட்ட நிறுவனங்கள், இடம்பெயர்ந்த பணிமனைகள் ஆகியவற்றின் வரைபட அறைகள் என்னவாயின? எவை எவர் பொறுப்பில் உள்ளன? எவை பழைய காகித விலைக்குப் போயின? ஓய்வுபெற்ற கருவித் தொழிலாளரிடமும் வரைவாளரிடமும் பேசுவதற்கு இன்னும் சில ஆண்டுகளே உண்டு. கையும் காகிதமும் இரண்டும் போய்விட்டால், எஞ்சும் இயந்திரத்தைக் கண்ணாடிக்குப் பின் நிறுத்திவைக்கலாம். அதன் ஒரு முளையைக்கூட மீண்டும் செய்ய இயலாது.