பேனல் ஷெட்யூல்: கடலூர், சிதம்பரம் கட்டடங்களின் மின்பகிர்வு அட்டவணை

ஒரு கட்டடத்தின் மின்பகிர்வுப் பெட்டியிலிருந்து (டிபி) புறப்படும் ஒவ்வொரு சர்க்கியூட்டும் எந்த அறைக்கு, எந்த பேஸில், எத்தனை ஆம்பியர் எம்சிபி (சிறு சர்க்கியூட் பிரேக்கர்) வழியாக, எவ்வளவு சுமையோடு போகிறது என்று சொல்வது பேனல் ஷெட்யூல். முன்பு கையால் எழுதப்பட்டது. பிறகு எக்செலுக்கு மாறியது. முப்பரிமாணக் கட்டட மாதிரி மென்பொருள்களில், குறிப்பாக 2000இல் வெளிவந்து 2002இல் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் கைக்குப் போன ரெவிட்டில், இந்த அட்டவணை மாதிரியிலிருந்தே பிறக்கிறது. அறையில் ஒரு விளக்கை வைத்து அதை ஒரு டிபியோடு இணைத்தால், அதன் வோல்ட்-ஆம்பியர் கணக்கு அட்டவணையில் தானாக ஏறிவிடும். இந்த வசதியில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அமெரிக்க வார்ப்புருவோடு திறக்கும் மென்பொருள் அமெரிக்கச் சுவரில் மாட்டிய பெட்டியையும் அந்நாட்டு விதியையும் தன் கணக்குக்குள் வைத்திருக்கிறது. கடலூரிலும் சிதம்பரத்திலும் எழும் கட்டடத்துக்கு அட்டவணையின் தலைப்பையும் கட்டங்களையும் மட்டும் மாற்றினால் போதாது. அடியில் உள்ள வோல்டேஜ், பெட்டியின் அமைப்பு, சுமை வகைப்பாடு ஆகிய மூன்றையும் இவ்வூருக்கு ஏற்ப மாற்றிய பிறகே அதன் எண்களை நம்ப முடியும்.

பெட்டியிலிருந்து தொடங்குவோம். அமெரிக்கப் பேனலில் நடுவே பஸ்பார் மேலிருந்து கீழாக இறங்கும். பிரேக்கர்கள் அதன் இரு பக்கமும் அடுக்கப்படும். அதனால் அங்கே அட்டவணைக்கும் இரண்டு பத்திகள்: இடப்பக்கம் ஒற்றைப்படை எண்கள், வலப்பக்கம் இரட்டைப்படை எண்கள். 1, 2 ஒரு பேஸ். 3, 4 அடுத்த பேஸ். நம் கடையில் கிடைக்கும், மூன்று பேஸும் நியூட்ரலும் கொண்ட டிபிஎன் டிபியை 'வே' கணக்கில் வாங்குகிறோம். ஒரு வே என்றால் ஆர், ஒய், பி என்ற மூன்று பேஸுக்கும் ஒவ்வோர் இடம். 8 வே டிபியில் 24 ஒற்றை முனை எம்சிபி பூட்டலாம். இதை ரெவிட்டில் சொல்ல, பெட்டியின் ஃபேமிலிக்குள் (மென்பொருளில் அந்தப் பொருளை வரையறுக்கும் கோப்பு) பேனல் அமைப்பை ஒற்றைப் பத்தியாக மாற்றி, ஒற்றை முனை பிரேக்கர்களின் உச்ச எண்ணிக்கையை 24 என்று கொடுக்க வேண்டும். அட்டவணை வார்ப்புருவும் அதே ஒற்றைப் பத்தி வகையாக இருக்க வேண்டும். மின் அமைப்புகளில் ஏ, பி, சி என்றிருக்கும் பேஸ் பெயர்களை ஆர், ஒய், பி என்று மாற்றுவது ஒரு நிமிட வேலை. ஆனால் அதை விட்டுவிட்டால் குழப்பம் நிச்சயம்: மென்பொருளின் 'பி' நம் ஒய் பேஸ், வயர்மேனுக்கு 'பி' என்றால் நீல வயர்.

வோல்டேஜை விரைவாகச் சொல்லிவிடலாம். நான்கு கம்பி ஸ்டார் இணைப்பு, பேஸ்களுக்கு இடையே 415 வோல்ட், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 240 வோல்ட் என்று ஒரு பகிர்வு முறையை உருவாக்கி டிபிக்குக் கொடுக்க வேண்டும். 120 வோல்ட் என்று குறித்த ஃபேமிலியை இறக்கி வைத்தால் அதை இணைக்கும்போது இந்த டிபி பட்டியலிலேயே தோன்றாது. புதிதாகப் பழகுவோர் இதை மென்பொருளின் கோளாறு என்று எண்ணுவதுண்டு. உண்மையில் அது ஒரு காவல்.

தேவைக் காரணியில்தான் பெரிய பிழை ஒளிந்திருக்கிறது. இணைத்த சுமை முழுவதும் ஒரே நேரத்தில் ஓடாது என்பதால் அதில் எத்தனை விழுக்காட்டைக் கணக்கில் எடுப்பது என்று ஒவ்வொரு நாட்டு விதியும் சொல்கிறது. அமெரிக்க விதியில் குடியிருப்பு விளக்குச் சுமையின் முதல் 3,000 வோல்ட்-ஆம்பியர் முழுதாகவும், அதற்கு மேல் 1,20,000 வரை 35 விழுக்காடாகவும் எடுக்கப்படும். நம்மூரில் விளக்கும் மின்விசிறியும் ஒரே சர்க்கியூட்டில் ஓடுகின்றன. ஐ.எஸ். 732 வயரிங் விதியின் வழக்கமான வரம்பே விளக்கு, விசிறி, 6 ஆம்பியர் சாக்கெட் எல்லாம் சேர்த்து ஒரு சர்க்கியூட்டுக்கு 10 பாயிண்ட், 800 வாட் என்பதுதான். அண்ணாமலைநகரில் 60 அறை கொண்ட ஒரு மாணவர் விடுதியைக் கற்பனை செய்து பார்க்கலாம். அறைக்கு இரண்டு விசிறி, தலா 60 வாட். இரண்டு குழல் விளக்கு, தலா 40 வாட். மொத்தம் 12,000 வாட். ஃபேமிலியில் குடியிருப்பு விளக்கு என்ற வகைப்பாடு ஒட்டிக்கொண்டே வந்துவிட்டால், அட்டவணை காட்டும் தேவை 3,000 கூட்டல் 9,000இன் 35 விழுக்காடு, அதாவது 6,150. ஆனால் விசிறிகள் மட்டுமே 7,200 வாட். மே மாதத்துச் சிதம்பரத்தில், தேர்வு நேரத்து இரவில், விடுதியில் எந்த விசிறி நிற்கும்? விளக்கை எல்லாம் அணைத்த பிறகும் நிஜச் சுமை அட்டவணையைத் தாண்டி நிற்கும். அந்த எண்ணை வைத்துத் தேர்ந்த கேபிளும் மெயின் பிரேக்கரும் அதே அளவு தவறு. ஆகவே விசிறிக்கென்று தனியாக ஒரு சுமை வகைப்பாட்டை உருவாக்கி 100 விழுக்காடு கொடுப்பதே முறை. விடுதி விளக்குக்கு 75 விழுக்காடு என்பது இந்திய நடைமுறையில் பழகிய அளவு.

மென்பொருளில் சுமையைத் தானாகச் சமன்செய்யும் ஒரு பொத்தான் இருக்கிறதே, பேஸ் சமநிலையை அதனிடமே விட்டுவிடலாமே என்று கேட்பார்கள். அந்தப் பொத்தான் வோல்ட்-ஆம்பியரைப் பார்க்கிறது, கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஒரு வீட்டில் ஆர் பேஸில் 1,800 வீதம் இரண்டு ஏசி. ஒய் பேஸில் 2,000க்கு கீசரும் 1,600க்குச் சமையலறைச் சாக்கெட்டும். பி பேஸில் 3,600க்கு மோட்டார், இஸ்திரிப்பெட்டி போன்றவை என்று வைத்துக்கொண்டால், காகிதத்தில் மூன்று பேஸும் சமம். இரவு 11 மணிக்கு ஆர் பேஸில் 15 ஆம்பியர் ஓடும்; மற்ற இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. ஏசிகளை முதலில் கையால் வெவ்வேறு பேஸ்களுக்குப் பிரித்து, அந்த சர்க்கியூட்டுகளைப் பூட்டிவிட்டு, மிச்சத்தை மட்டும் பொத்தானிடம் கொடுப்பதே சரியான வரிசை.

தமிழ்நாட்டு வீடுகளுக்கே உரிய இன்னொரு சிக்கல் பேஸ் செலக்டர் டிபி. ஒரு பேஸ் போனால் கைப்பிடியைத் திருப்பி அந்தப் பகுதியை வேறு பேஸில் ஓட்டுவார்கள். மென்பொருளுக்கோ, ஒரு சர்க்கியூட் ஒரு பேஸில் அமர்ந்தால் அமர்ந்ததுதான். மூன்று பகுதிகளும் தலா 15 ஆம்பியர் இழுத்தால், சமநிலையில் நியூட்ரலில் போகும் மின்னோட்டம் சுழிக்கு அருகில் இருக்கும். இரண்டு பேஸ் போய், மூன்று பகுதிகளையும் மிச்சமிருக்கும் ஒன்றில் திருப்பிவிட்டால் அந்த பேஸிலும் நியூட்ரலிலும் 45 ஆம்பியர். அட்டவணை இதைக் காட்டாது. அதனால் வார்ப்புருவின் தலைப்பகுதியில் 'பேஸ் செலக்டர்' என்றொரு வரியைச் சேர்த்து, மோசமான நிலையின் மின்னோட்டத்தைக் கையால் கணக்கிட்டு அங்கே எழுதி, வரவுக் கேபிளையும் நியூட்ரலையும் அதற்குத் தக்கபடி தேர்ந்தெடுக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபடுவதற்கு எக்செலே போதும் என்ற எதிர்வாதத்துக்கு வலு உண்டு. இரண்டு டிபி கொண்ட வீட்டுக்கு அது போதும்தான். ஆனால் மாடிக்கு மாடி டிபி, ஜெனரேட்டர் பகுதி தனி, யுபிஎஸ் பகுதி தனி என்றிருக்கும் மருத்துவமனையிலோ கல்லூரியிலோ கட்டடக் கலைஞர் ஒரு சுவரை நகர்த்தினால் எக்செலுக்கு அது தெரியாது; மாதிரியில் ஒரு ஏசியை நீக்கினால் அதன் சுமை மாடி டிபியிலும் மெயின் பேனலிலும் சேர்ந்தே குறையும். 15 மீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டடத்தின் மின்னமைப்பை மின் ஆய்வாளர் பார்க்க வேண்டியிருக்கிறது. மின் பகிர்மானக் கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது இணைப்புச் சுமையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வரைபடமும் அட்டவணையும் வெவ்வேறு எண்ணைச் சொன்னால் இரண்டையும் நம்ப முடியாது.

எப்படி வரைந்தாலும் தளத்தில் வயர்மேன் தன் வசதிக்குத்தான் இணைப்பார் என்ற வாதம் இன்னும் கடினமானது, பெரும்பாலும் உண்மையும்கூட. அவர் வேறு விதமாக இணைப்பதற்குப் பல நேரங்களில் காரணம் அட்டவணையிலேயே இருக்கிறது. சர்க்கியூட்டின் பெயரை மென்பொருள் சுமை வகைப்பாட்டையும் அறையின் பெயரையும் சேர்த்துத் தானே எழுதிக்கொள்கிறது. அறைக்கு வரைபடக்காரரின் குறியீடு இருந்தால் அட்டவணையிலும் குறியீடே வரும். 'மாடி கிழக்கு அறை விசிறி' என்று வந்தால் படிப்பவர் அதன்படி செய்வார். ஸ்பேர் என்ற சொல்லையும் பிரித்துக் காட்ட வேண்டும். எம்சிபி பூட்டிச் சும்மா இருப்பதும் எம்சிபியே இல்லாத காலி இடமும் மென்பொருளில் இரு வேறு வகை. நம் பேச்சில் இரண்டும் ஸ்பேர்தான். விலைப்புள்ளியில் சண்டை வருவது இங்கேதான்.

கடலோர ஊர் என்பதால் சேர்க்க வேண்டியவையும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் இந்த மாவட்டத்தின் மின்கம்பங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது; 2015 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் வீடுகளுக்குள் நின்றது. அப்படிப்பட்ட நாளுக்குப் பிறகு டிபியைத் திறப்பவர் பெரும்பாலும் அதை இணைத்தவர் அல்ல. தரைத்தளச் சாக்கெட்டுகளை மட்டும் அணைத்துவிட்டு மாடிக்கு மின்சாரம் கொடுக்கலாமா, மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் எந்த 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியின் கீழ் எந்தெந்த எம்சிபி இருக்கிறது, பெட்டியின் அடிவிளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை அவர் கதவைத் திறந்த நொடியில் தெரிந்துகொள்ள வேண்டும். உயரத்தையும் ஆர்சிசிபி எண்ணையும் வார்ப்புருவில் தனி அளபுருக்களாகச் சேர்த்துக்கொள்ளலாம். கட்டடத்தை ஒப்படைக்கும் வாரத்தில் தளத்தில் நடந்த மாற்றங்களை மாதிரியில் ஏற்றி, அட்டவணைப் பக்கத்தைத் தமிழில் அச்சிட்டு, உப்புக்காற்று அரிக்காதபடி லேமினேட் செய்து டிபி கதவின் உள்பக்கத்தில் ஒட்ட வேண்டும்.