சுமைதாங்கிக் கல்லில் எழுதாத காரணம்

வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண் இறந்துபோனால் அவள் பெயரால் வழியோரத்தில் சுமைதாங்கிக் கல் நடுவது தெற்குச் சீமையில் பழைய வழக்கம். இரண்டு கற்களைச் செங்குத்தாக நட்டு, மார்பளவு உயரத்தில் மூன்றாவதைக் குறுக்கே கிடத்துவார்கள். உப்போ கருப்பட்டியோ தலையில் சுமந்து வருகிறவர், இன்னொருவர் கை கொடுக்காமலே சுமையை அதில் இறக்கி வைத்து இளைப்பாறலாம். தன் சுமையை இறக்காமலே போய்விட்டவளின் ஆத்துமா, வழிப்போக்கர் சுமை இறக்கும்போதெல்லாம் ஆறும் என்று நம்பினார்கள். சில கற்களில் பெயரும் வருஷமும் வெட்டியிருக்கும். எதனால் இறந்தாள் என்பது நான் பார்த்த எந்தக் கல்லிலும் இல்லை.

தூத்துக்குடிக்கு மேற்கே, திருநெல்வேலி சாலையில் இருக்கிற எங்கள் புதுக்கோட்டையைச் சுற்றிய ஊர்களில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவள் நான். கூட்டாம்புளி, குலையன்கரிசல் பக்கமெல்லாம் நடந்தே போன காலம் அது. அந்தக் கற்களைக் கடக்கும்போதெல்லாம் காரணம் என்னவாக இருக்கும் என்றுதான் மனசு கேட்கும். இந்தக் கடற்கரையில் எண்ணாத பொருள் கிடையாது. முத்துக்குளிப்பு நடந்த வருஷங்களில் கரைக்கு வந்த சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலம் விட்டார்கள். 1961-ல் கடைசிக் குளிப்பு முடிகிற வரைக்கும் அரசாங்கத்திடம் சிப்பிக் கணக்கு இருந்தது. உப்புக்கும் கணக்கு இருந்தது. பேறுகாலத்தில் செத்த பெண்களுக்கு மட்டும் கல்தான் கணக்கு.

காரணங்கள் அப்படியொன்றும் ஏராளம் இல்லை. முதல் காரணம் உதிரப்போக்கு. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. பிள்ளையும் நஞ்சும் வெளியே வந்ததும் கருப்பை இறுகிச் சுருங்கினால்தான் அந்த ரத்தக்குழாய்கள் அடைபடும். சுருங்காவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போய்விடும். நஞ்சு விழவில்லை என்றால் பெண்ணின் தலைமுடியையே அவள் வாயில் திணித்து ஓங்கரிக்க வைப்பார்கள். அந்த முக்கலில் நஞ்சு வந்துவிடும் என்று நம்பிச் செய்தது. ஊர் மருத்துவச்சியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கூப்பிட்ட குரலுக்கு நடுச்சாமத்திலும் வந்தவள் அவள் ஒருத்திதான். கருப்பையைச் சுருங்கவைக்கும் எர்கோமெட்ரின் மருந்தை லண்டனில் பிரித்தெடுத்ததே 1935-ல்தான். அதற்கப்புறமும் அது எங்கள் ஊர் வீட்டுத் திண்ணைக்கு வந்துசேரப் பல பத்தாண்டுகள் ஆயின.

ஆஸ்பத்திரி அறவே இல்லாத சீமையும் இல்லை இது. நாசரேத்தில் டாக்டர் ஸ்ட்ராச்சன் என்ற மிஷனரி 1870-லேயே வைத்தியசாலை தொடங்கிவிட்டார். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965-ல் வந்தது. தூத்துக்குடிக்குத் தனி மருத்துவக் கல்லூரி 2001-ல்தான். ஆனால் வலி கண்டவளை மாட்டு வண்டியில் ஏற்றி அங்கெல்லாம் கொண்டுசேர்ப்பதற்குள் விடிந்துவிடும். எத்தனையோ சாவுகள் வைத்தியம் இல்லாததால் வந்தவை அல்ல, வழியில் கழிந்த நேரத்தால் வந்தவை.

இரண்டாவது, பேறுகால வலிப்பு. இதைத்தான் பேய்க்கோளாறு என்று பயந்தார்கள், பேச்சியம்மனுக்கும் இசக்கியம்மனுக்கும் நேர்ந்துகொண்டார்கள். ஐந்து மாதம் தாண்டிய பிறகு ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொடும், சிறுநீரில் புரதம் இறங்கும், முகமும் கையும் வீங்கும். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் வெட்டி இழுக்கும். 'மாசமா இருந்தா நீர் வைக்கத்தானே செய்யும்' என்று வீட்டுப் பெரியவர்கள் வீக்கத்தைத் தள்ளிவிடுவார்கள். நாங்கள் சோதனைக் குழாயில் சிறுநீரை எடுத்து ஸ்பிரிட் விளக்கில் மேற்பாதியை மட்டும் சூடாக்குவோம். வெள்ளையாகத் திரண்டு, இரண்டு சொட்டு அசிட்டிக் அமிலம் விட்ட பிறகும் கரையாமல் நின்றால் புரதம் இருக்கிறது. அவ்வளவு எளிய சோதனை ஓர் உயிரின் திசையை மாற்றும். வலிப்புக்கு மக்னீசியம் சல்பேட் என்ற மலிவான மருந்தே போதும். 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்திய ஆய்வு, வலிப்பு வரும் அபாயத்தை அது பாதிக்கும் கீழே குறைக்கிறது என்று 2002-ல் காட்டியது.

மூன்றாவதுதான் எங்கள் பக்கத்துக்கே உரிய துயரம். சோகை. உப்பளத்துக்குப் போகிற பெண்கள் விடியுமுன் பழைய சோற்றைக் குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். அளத்தில் ஒதுங்க மறைவிடம் கிடையாது. அதனால் அந்த வெயிலிலும் தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். நீர்க்கடுப்பு வரும், மாசமாக இருப்பவளுக்கு அந்தக் கிருமி சிறுநீரகம் வரை ஏறினால் காய்ச்சலும் குளிரும் கண்டு குறைமாதத்திலேயே வலி எடுத்துவிடும். இவர்களின் ரத்தத்தைச் சோதித்தால் ஹீமோகுளோபின் 11 இருக்க வேண்டிய இடத்தில் 7, சில சமயம் அதற்கும் கீழே. நல்ல ரத்தமுள்ளவள் அரை லிட்டர் இழந்தாலும் எழுந்து உட்காருவாள். இவளுக்கு அதுவே எமன்.

உழைக்கும் பெண்களின் சோகையை ஆராய 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்கு வந்த ஒருவகைச் சோகை, ஈஸ்ட் சாறு கொடுத்தால் மாறுவதைக் கண்டார். அதில் இருந்த சத்தைத்தான் இன்று ஃபோலிக் அமிலம் என்கிறோம். அது சேர்ந்த இரும்புச்சத்து மாத்திரையை 1970 முதல் அரசாங்கம் கொடுத்தும் பெண்கள் பரணில் போட்டுவைத்தார்கள். "நர்சம்மா, மாத்திர தின்னா புள்ள பெருத்துரும்லா, பொறவு எப்பிடிப் பெறுவேன்?" என்று கேட்ட பெண்ணை அறியாதவள் என்று சொல்ல மாட்டேன். கஷ்டப் பிரசவத்தைக் கண்ணால் பார்த்தவளின் பயம் அது. உட்கார்ந்து பேசித்தான் அதைத் தீர்க்க முடிந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் என்று நான் நினைப்பது 1994-ல் தொடங்கியது. ஒவ்வொரு தாய்மரணத்தையும் பதிந்து விசாரிக்கும் முறையைத் தமிழ்நாடு அப்போது கொண்டுவந்தது. எந்த நேரத்தில் வலி கண்டது, யார் பார்த்தார்கள், வண்டி எப்போது கிடைத்தது, ரத்தம் இருந்ததா என்று வீட்டுக்கே போய்க் கேட்டு எழுதினோம். பின்னாளில் ஆட்சியர் முன்னிலையில் குடும்பத்தாரையும் உட்கார வைத்துப் பேசினார்கள். தண்டிப்பதற்கு அல்ல, எங்கே தாமதம் என்று கண்டுபிடிப்பதற்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவிலும் செவிலியர் இருக்க வேண்டும், ரத்தம் கையிருப்பு வேண்டும் என்பதெல்லாம் அந்த விசாரணைகள் மீண்டும் மீண்டும் காட்டிய தேவைகள். 2008-ல் 108 வண்டி வந்தது. ஒரு லட்சம் பிறப்புக்குத் தமிழ்நாட்டில் 2001–03-ல் 134 தாய்மார் இறந்தார்கள். 2018–20-ல் அது 54. இந்தியா முழுவதற்கும் அதே காலத்தில் 301, 97.

54 என்பதும் பெண்கள்தான். இப்போது சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் காத்திருக்கச் சொன்னால் 'வேலை கெடுது' என்று எழுந்து போகிறார்கள். போகாதீர்கள். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகவீக்கம், குறைந்துபோன பிள்ளை அசைவு, ஒரு துளியானாலும் உதிரம், இதில் எதைக் கண்டாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். பிள்ளை பிறந்துவிட்டதே என்று ஓய்ந்தும் விடாதீர்கள். வலிப்பும் உதிரப்போக்கும் காய்ச்சலும் பிரசவத்துக்குப் பிறகும் வரும். தாய்மரணக் கணக்கை 42 நாள் வரை எழுதுவது அதனால்தான்.