நொய்யல் கரையின் ‘க’

திருப்பூரைக் கடந்து கிழக்கே போகும் நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுவே என்பது ஆய்வாளர் முடிவு. 1985 முதல் ஒய். சுப்பராயலு, கா. ராஜன் முதலியோர் நடத்திய அகழாய்வுகளில் கல்மணித் தொழிலுக்கும் இரும்பு உருக்கியதற்கும் சான்றுகள் கிடைத்தன. தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்துப் பொறித்த பானையோடுகளும் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அவற்றில் படிக்கப்பட்ட பெயர்களுள் ஒன்று ‘கண்ணன் ஆதன்’. அதன் முதலெழுத்தான ‘க’வின் வடிவம் வெறும் கூட்டல் குறி. அசோகன் கல்வெட்டுகளிலும் ‘க’ அதே குறிதான். ஆனால் பினீசியர் எழுத்தில் அத்தகைய குறுக்குக்கோடு ‘த’கர ஒலியைக் குறித்தது, கிரீட் தீவின் லீனியர் பி எழுத்தில் ‘ரொ’ அல்லது ‘லொ’ என்ற அசையைக் குறித்தது. பிராமி வடசெமிட்டிய (பினீசிய) எழுத்திலிருந்து வந்தது என்று வாதிட்ட அறிஞர் பியூலர்கூட, ‘க’வைப் பினீசியரின் அந்தக் குறுக்குக்கோட்டோடு இணைக்கவில்லை. இரண்டு கோடுகளைக் குறுக்காகக் கீறுவது எந்த ஊரிலும் யாருக்கும் தோன்றக்கூடியது. ஆகவே தனி ஒரு குறியின் வடிவ ஒற்றுமை, ஒலிக்கும் உறவுக்கும் சான்றாகாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சைப்ரஸ் எழுத்தில் கூட்டல் குறி ‘லொ’. அதை வைத்துக் கிரீட்டின் லீனியர் பி களிமண் பலகை ஒன்றில், குதிரைப் படத்தருகே இருந்த இரண்டு குறிகளை ஆர்தர் எவன்ஸ் ‘பொ-லொ’ என்று படித்துப் பார்த்தார். கிரேக்கத்தில் அது குதிரைக் குட்டியைக் குறிக்கும் சொல். பலகையின் மொழி கிரேக்கம் அல்ல என்று நம்பியிருந்ததால் அவரே அதை ஒதுக்கினார். பிற்பாடு அந்த வாசிப்பு சரியென்று தெரிந்தது. அப்படியானால் வடிவமே வழி காட்டியதல்லவா? வழி காட்டியது உண்மை. ஆனால் அதை நிலைநாட்டியது வடிவம் அல்ல. குறிகள் எந்தெந்தக் குறிகளோடு சேர்ந்து வருகின்றன, சொல்லின் ஈற்றில் எப்படி மாறுகின்றன என்று அட்டவணையிட்டு, 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் முழு எழுத்தமைப்பையும் படித்த பிறகே அந்த ஒற்றைச் சொல்லுக்கு மதிப்பு வந்தது. அதோடு சைப்ரஸ் எழுத்தும் கிரீட் எழுத்தும் ஒரே மரபின் கிளைகள். அப்படியிருந்தும் வடிவமும் ஒலியும் ஒத்துவரும் குறிகள் அவற்றுக்கிடையே சிலவே.

தமிழியிலும் இதே நிலைதான். புள்ளி இடும் வழக்கம் வருவதற்கு முன், உயிர்க்குறிக் கோடு சேராத கூட்டல் குறி ‘க்’ ஆகவும் வரும், ‘க’ ஆகவும் வரும். எது என்பதை அந்தந்தக் கல்வெட்டின் எழுத்துமுறையும் சொல்லும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. ஈரோட்டுக்கு அருகிலுள்ள அறச்சலூர் இசைக் கல்வெட்டு இதற்கு நல்ல சான்று. ‘த’, ‘தா’, ‘தை’, ‘தே’ என்ற அசைகள் அதில் ஐந்து வரிக் கட்டமாக, முறை மாறாமல் திரும்பித் திரும்பி வருகின்றன. உடல் எழுத்து அப்படியே நிற்க, உயிர்க்குறி மட்டும் மாறுகிறது. எழுத்தைப் புணர்த்தவர் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்றும் அங்கே பொறித்திருக்கிறது. கொடுமணல் ‘க’வும் அசோகன் ‘க’வும் ஒன்றே என நாம் ஏற்பதற்குக் காரணமும் இதுதான்: மற்ற எழுத்துகளும் உயிர்க்குறிகளும் வரிசையாகப் பொருந்துகின்றன, படித்தால் பொருளுள்ள பெயர் கிடைக்கிறது.

கொடுமணல் ஓடுகளில் எழுத்தல்லாத கீறல் குறியீடுகளும் உண்டு. தமிழகக் குறியீடுகளைச் சிந்துவெளிக் குறிகளோடு வடிவ அடிப்படையில் ஒப்பிட்ட கா. ராஜன், இரா. சிவானந்தம் ஆகியோரின் ஆய்வை 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்டது. சிந்து எழுத்தைப் படிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசும் அறிவித்தது. அந்த ஆய்வு காட்டும் ஒற்றுமைகள் எல்லாம் தற்செயலாக இருக்குமா என்று கேட்பது நியாயமே. பண்பாட்டுத் தொடர்பைத் தேட அவை தகுந்த காரணம். ஆனால் சிந்துக் குறிகளின் ஒலி இன்னும் உறுதிப்படவில்லை; கீறல்களோ பெரும்பாலும் தனித்தனியாகவே வருகின்றன. வடிவத்தை மட்டும் கொண்டு அவற்றுக்கு ஒலி கொடுப்பது நம் தொன்மைக்குப் பெருமை சேர்க்காது. பிறர் எளிதில் மறுக்க இடம் கொடுக்கும். யாரேனும் ஒற்றைக் குறியைக் காட்டி உறவு சொன்னால், அதன் முன்னும் பின்னும் நிற்கும் குறிகள் எவை, சேர்த்துப் படித்தால் என்ன சொல் வருகிறது என்று கேளுங்கள். கொடுமணல் ‘க’விடம் இதற்கு விடை உண்டு, அதே விடையை மற்றக் குறிகளிடமும் எதிர்பார்ப்பதே முறை.