மார்ட்டின் சட்டமும் கல்வி நிலையங்களும்

பொதுமக்கள் கூடும் இடங்களில் பயங்கரவாதத் தாக்குதல் நேர்ந்தால் உயிர்ச்சேதத்தைக் குறைப்பதற்காக பிரிட்டன் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் மார்ட்டின் சட்டம் எனப்படுகிறது. பயங்கரவாதம் (வளாகப் பாதுகாப்பு) சட்டம் 2025 என்பது இதன் முறையான பெயர். 2025 ஏப்ரல் 3 அன்று இது அரச ஒப்புதல் பெற்றது. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து ஆகிய நான்கு பகுதிகளுக்கும் பொருந்தும். அமலுக்கு வருமுன் குறைந்தது 24 மாத ஆயத்தக் காலம் அளிக்கப்படும் என அரசு அறிவித்தது. கடைகள், அரங்குகள், வழிபாட்டிடங்கள் ஆகியவற்றோடு மழலையர் நிலையங்கள், பள்ளிகள், கல்லூரிகள், பல்கலைக்கழகங்களும் இதன் வரம்புக்குள் வருகின்றன.

பின்னணி

2017 மே 22 இரவு 10.31 மணிக்கு, மான்செஸ்டர் அரீனாவில் அரியானா கிராண்டேயின் இசை நிகழ்ச்சி முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது, அரங்கின் முகப்புக் கூடத்தில் தற்கொலைக் குண்டு வெடித்தது. 22 பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் மிக இளையவர் 8 வயதுச் சிறுமி. இறந்தவர்களில் ஒருவரும், சட்டத்தின் பெயருக்குக் காரணமானவருமான மார்ட்டின் ஹெட்டுக்கு வயது 29. பொது இடங்களை நடத்துவோர் பயங்கரவாதத்துக்கு எதிராக ஆயத்தமாக இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை என்பதை அறிந்த அவருடைய தாய் ஃபிகென் மரே, அத்தகைய சட்டம் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடினார். 2024 மே மாதம் மான்செஸ்டரிலிருந்து லண்டன் டவுனிங் தெரு வரை நடந்தே சென்று கோரிக்கையை வலியுறுத்தினார். தாக்குதல் குறித்து சர் ஜான் சாண்டர்ஸ் தலைமையில் நடந்த விசாரணையும் இத்தகைய சட்டம் தேவை என்று பரிந்துரைத்தது.

2023 மே மாதம் வெளியான வரைவு, 100 பேர் கூடும் இடங்களையும் உள்ளடக்கியிருந்தது. சிறு அமைப்புகளால் சுமக்க முடியாது என்ற வாதம் எழுந்தபின், 2024 செப்டம்பரில் தாக்கலான மசோதாவில் இந்த எண்ணிக்கை 200 ஆக உயர்த்தப்பட்டது.

இரு நிலைகள்

ஊழியர்களையும் சேர்த்து, ஒரே நேரத்தில் 200 முதல் 799 பேர் வரை இருக்கக்கூடிய வளாகங்கள் அடிப்படை நிலையிலும், 800 பேரோ அதற்கு மேலோ இருக்கக்கூடியவை உயர்நிலையிலும் வைக்கப்படுகின்றன. உயர்நிலை வளாகங்கள் கண்காணிப்பு, நுழைவுக் கட்டுப்பாடு, கட்டடப் பாதுகாப்பு ஆகியவற்றிலும் நடவடிக்கை எடுத்து, அவற்றை ஆவணப்படுத்தி ஒழுங்குமுறை அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும்.

கல்வித் துறைக்கு இதில் ஒரு விலக்கு உண்டு. மழலையர் நிலையங்கள், தொடக்க, இடைநிலைப் பள்ளிகள், மேற்கல்விக் கல்லூரிகள் ஆகியவற்றில் 800 பேருக்கு மேல் இருந்தாலும் அவை அடிப்படை நிலையிலேயே இருக்கும். வாயிற்கட்டுப்பாடும் குழந்தைப் பாதுகாப்பு விதிகளும் அங்கே ஏற்கெனவே நடைமுறையில் உள்ளன என்பதே காரணம். பல்கலைக்கழகங்களுக்கு இந்த விலக்கு இல்லை.

நான்கு நடைமுறைகள்

அடிப்படை நிலையிலுள்ள நிறுவனம், தன்னால் நியாயமாக இயன்ற அளவுக்கு, நான்கு நடைமுறைகளை வகுத்திருக்க வேண்டும்: உள்ளிருப்போரை வெளியேற்றுதல், கட்டடத்துக்குள்ளேயே பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்துதல், கதவுகளைப் பூட்டி யாரும் நுழையவோ வெளியேறவோ விடாமல் தடுத்தல், ஆபத்து பற்றிய தகவலை உடனே அனைவருக்கும் தெரிவித்தல். மூன்றாவதே லாக்டவுன் எனப்படுவது. புதிய கருவிகள் வாங்கவோ கட்டடத்தை மாற்றவோ அடிப்படை நிலையில் சட்டம் கோரவில்லை.

பள்ளிகளுக்குத் தீயணைப்பு ஒத்திகை நன்கு பழக்கமானது. மணி அடித்ததும் மாணவர்கள் வரிசையாக மைதானத்துக்கு வருவார்கள். ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் பார்த்துத் தலை எண்ணுவார். லாக்டவுன் இதற்கு நேர் எதிர். கதவைத் தாழிட்டு, விளக்கை அணைத்து, சன்னலை விட்டு விலகி, கைபேசியின் ஒலியை நிறுத்தி அமைதியாக இருக்க வேண்டும். ஆகவே இரண்டுக்கும் வெவ்வேறு ஒலிகள் தேவை. 2018 பிப்ரவரி 14 அன்று அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம் பார்க்லேண்டில் 17 பேரைப் பலிகொண்ட துப்பாக்கிச் சூட்டின்போது தீ எச்சரிக்கை மணி ஒலித்தது; தீ என்று எண்ணி வகுப்பறையை விட்டு வெளியேறிய மாணவர்கள் ஆபத்துக்குள் நடந்தார்கள்.

இதற்கு மூன்று மாதங்கள் முன்பு, 2017 நவம்பர் 14 அன்று, கலிஃபோர்னியாவின் ரான்ச்சோ டெஹாமா தொடக்கப் பள்ளியில் வேறு விதமாக நடந்தது. தொலைவில் வெடிச்சத்தம் கேட்டதுமே பணியாளர்கள் மைதானத்திலிருந்த பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவுகளைப் பூட்டினார்கள். வண்டியால் வாயிற்கதவை உடைத்து நுழைந்த துப்பாக்கிதாரி சுமார் ஆறு நிமிடம் சுவர்களையும் சன்னல்களையும் நோக்கிச் சுட்டான். பூட்டிய கதவுகளைத் திறக்க முடியாமல் திரும்பிப் போனான். ஒரு மாணவர் காயமடைந்தார். பள்ளியில் ஒருவரும் இறக்கவில்லை.

ஆயத்தப் பணிகள்

நிறுவனம் முதலில் பொறுப்பாளர் யார் என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். சட்டப்படி, வளாகத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் தரப்பே பொறுப்பு ஏற்கிறது. பிறகு எந்த அறைகள் உள்ளிருந்து பூட்டக்கூடியவை, மைதானத்திலும் உணவுக்கூடத்திலும் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை ஒலி எட்டுமா, தலைமையாசிரியர் இல்லாத நாளில் முடிவெடுப்பவர் யார் என்பவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். காது கேளாத மாணவர்களுக்கும், சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும், திடீர் ஒலியால் கலங்கும் பிள்ளைகளுக்கும் தனித்தனி ஏற்பாடு வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு அச்சமூட்டாத சொற்களில் விளக்கிய பின்பே ஒத்திகை நடத்துவது நல்லது.

தற்காலிக ஆசிரியர்கள், சமையல் பணியாளர்கள், கூடத்தை வாடகைக்கு எடுப்பவர்கள் ஆகியோரும் நடைமுறையை அறிந்திருக்க வேண்டும். பிரிட்டனில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் பலவும் வாடகைக்கு எடுத்த பள்ளிக் கட்டடங்களில்தான் நடக்கின்றன என்பதால், அவற்றின் நிர்வாகிகளுக்கும் இது பொருந்தும்.

கண்காணிப்பும் தண்டமும்

தனியார் பாதுகாப்புப் பணிகளை ஒழுங்குபடுத்திவரும் பாதுகாப்புத் துறை ஆணையத்திடம் இச்சட்டத்தின் கண்காணிப்புப் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டுள்ளது. வளாகம் சட்ட வரம்புக்குள் வருவதை ஆணையத்துக்கு அறிவிப்பது கட்டாயம். அடிப்படை நிலையில் தவறும் நிறுவனத்துக்கு 10,000 பவுண்டு வரை தண்டம் விதிக்கலாம். உயர்நிலையில் அதன் உச்சவரம்பு 1.8 கோடி பவுண்டு அல்லது உலகளாவிய வருவாயில் 5 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அது.

மதிப்பீடு

தண்டத்துக்கு அஞ்சிக் கோப்பில் ஒரு திட்டத்தை எழுதி வைப்பதால் எந்தப் பிள்ளையும் பாதுகாக்கப்படுவதில்லை. பூட்டும் கதவு, வேறுபட்ட ஒலி, பழகிய பணியாளர்கள் ஆகிய மூன்றும் பெருஞ்செலவின்றிக் கிடைப்பவை. சட்டம் அமலாகும் நாள் வரை அவற்றைத் தள்ளிப்போடக் கல்வி நிலையங்களுக்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை.