நீரை யார் அளப்பது?

நெய்வேலியின் வரலாறு ஒரு கிணற்றில் தொடங்குகிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய துகள்களும் வெளிப்பட்டன. அவர் அதை அற்பமென்று ஒதுக்கிவிடாமல் அரசின் கவனத்துக்குக் கொண்டுசென்றார். பின்னர் நடந்த ஆய்வுகளின் பயனாக 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957 மே 20ஆம் நாள் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். நிலவியல் வல்லுநர் அல்லாத ஒருவர் தம் கிணற்று நீரை உற்றுநோக்கியதால் கிடைத்த பெரும்பயன் இது!

சுரங்கமும் நீரும்

நிலக்கரிப் படுகையின் அடியில் அழுத்தம் மிகுந்த ஊற்றுநீர் உள்ளது. அது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பையும் 6 முதல் 8 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் மேல்நோக்கி உந்துகிறது. 60 முதல் 80 மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பம் தரும் அழுத்தம் இது. மேலுள்ள மண்ணை அகற்றிவிட்டால், இவ்விசை சுரங்கத்தின் தரையையே பிளந்துவிடும். ஆகவே குழாய்க் கிணறுகள் அமைத்து இரவும் பகலும் நீரை இறைக்கிறார்கள்.

இறைத்த நீர் எங்கே போகிறது? பிற தேவைகளுக்குப் போக, ஒரு பகுதி வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி ஆகியவற்றின் பாசனத்துக்கு உதவுகிறது. இவ்வட்டாரத்தின் வடிகாலான பரவனாறு, உப்பனாற்றோடு கலந்து கடலூர் அருகே கடலை அடைகிறது.

சுரங்கத்து நீரைப் பொறியாளர்கள் அளக்கிறார்கள். ஏரி நீரையும் ஊர்க் கிணற்று நீரையும் யார் அளப்பது? “நீர் கெட்டுவிட்டது” என்று உழவரோ மீனவரோ கூறினால், “எவ்வளவு? எப்போது முதல்?” என்ற கேள்வி எழும். விடை இல்லையேல் முறையீடு அங்கேயே நின்றுவிடும்.

கடலூர் காட்டிய வழி

அந்த விடையைத் தாமே தேடியவர்கள் உப்பனாற்றங்கரையில் உண்டு. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள சிற்றூர் மக்கள், 2004இல் சமூகச் சூழல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றனர். துர்நாற்றம் எழுந்த நேரம், காற்றின் திசை, நாற்றத்தின் தன்மை ஆகியவற்றை ஏட்டில் குறித்துவந்தனர். பிளாஸ்டிக் வாளியினுள் அமைத்த பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினர். கலிபோர்னியாவில் 1995இல் உருவான எளிய முறை இது. அம்மாதிரிகளில் 20க்கும் மேற்பட்ட நச்சுப் பொருள்கள் இருப்பது அவ்வாண்டே வெளியாயிற்று. நாற்றம் என்ற புகார், பெயரும் அளவும் கொண்ட சான்றாக மாறியது.

அதே காலத்தில் ஆந்திரத்தின் ஏழு மாவட்டங்களில், உழவர்கள் தம் கிணறுகளின் நீர்மட்டத்தையும் மழையையும் தாமே அளந்து, அடுத்த பருவத்தில் என்ன பயிரிடலாம் என்று முடிவு செய்யத் தொடங்கினர். 2003இல் தொடங்கிய திட்டம் அது.

நீங்களும் அளக்கலாம்

கருவிக்குப் பெரும் பணம் வேண்டுவதில்லை. 1865இல் இத்தாலிய அறிஞர் ஆஞ்செலோ செக்கி, வெள்ளை வட்டத் தட்டு ஒன்றைக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளந்தார். நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஒளியைச் சிதறச் செய்கின்றன. துகள்கள் மிகுந்தால் தட்டு விரைவில் மறையும். இன்றும் ஏரிகளின் கலங்கலை இம்முறையால் அளக்கிறார்கள். உங்கள் ஊர் ஏரியிலும் இதைச் செய்து பாருங்கள். ஆழம் தெரியாத இடத்தில் இறங்காமல், மதகின் மேல் நின்று கயிற்றில் கட்டி இறக்குங்கள். அதே இடம், அதே நேரம், வாரம் ஒருமுறை. தேதியோடு குறித்து வையுங்கள். ஓராண்டுக் குறிப்பு இருந்தால்தான், மழைக்காலத்தின் இயல்பான கலங்கலையும் புதிதாக நேர்ந்த மாற்றத்தையும் பிரித்தறிய இயலும்.

ஆனால் தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று. பாதரசம் போன்ற நஞ்சுகளை ஆய்வகமே காட்ட வல்லது. நெய்வேலி வட்டாரத்தின் நீரும் மண்ணும் மாசுற்றிருப்பதாகப் பூவுலகின் நண்பர்கள் உள்ளிட்ட அமைப்புகள் 2023 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. இத்தகைய விசாரணைகளில் பெரும் இடர்ப்பாடு, முன்பு நீர் எப்படி இருந்தது என்பதற்கான பதிவு இல்லாமையே. எந்த ஆய்வகமும் சென்ற ஆண்டின் நீரைத் திரும்ப எடுத்துவர முடியாது. அப்பதிவை ஊரில் வாழ்வோரே வைக்க முடியும். முதல் வரியை இந்த வாரமே எழுதலாம் அல்லவா?